புதுப்பிப்பு: தேயிலைப் பொட்டலக் கூடத்துக்கு இசைவாணை வேண்டுமா?

பெங்களூரு அல்சூரில் தேயிலை கலந்து பாக்கெட் போடும் எங்கள் அக்காவிடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை (தொழில் நடத்த வாரியம் தரும் அனுமதி) வாங்கித் தருவதாக ஒரு தரகர் பெருந்தொகை கேட்டதை முன்பு எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி, காசு கொடுக்கவில்லை.

மத்திய வாரியம் 2016-இல் தொழில்களை மாசின் அளவைப் பொறுத்து, மிக அதிகமானதிலிருந்து மிகக் குறைவானது வரை, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை எனப் பிரித்தபோது, தேயிலை கலந்து பொட்டலமிடுவதை வெள்ளையில் வைத்தது. வெள்ளைக்கு இசைவாணையே தேவையில்லை. மாநில வாரியத்துக்குத் தெரிவித்தால் போதும். அக்கா தெரிவித்துவிட்டார், ஒப்புகையும் வந்துவிட்டது.

பச்சை, ஆரஞ்சுக்காரர்களுக்கு இந்த விலக்கு இல்லை. அவர்களுடைய இசைவாணைக் கட்டணம் முதலீட்டைப் பொறுத்தது. நிலம், கட்டட மதிப்பும் அதில் சேரும். பெங்களூரு நில விலையில், சொந்த இடத்தில் பட்டறை நடத்துபவர் புகையே குறைவாக விட்டாலும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. இது அநியாயம். மாசின் அளவுக்குத்தான் கட்டணம் இருக்க வேண்டும்.

அக்கா அனுப்பிய கடிதத்தின் மாதிரி வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன்.