“நாலு சுவிசேஷமும் இயேசுவின் கதையை நாலு விதமா சொல்லுதே?” – உங்களிடம் கேட்டவர்கள் யார், என்ன பதில் சொன்னீர்கள்? (வந்த பதில்கள், ஊர்வாரியாக)

தாம்வே, யாங்கோன்

ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனதுதான். என்னை நன்றாக மடக்கியவர் எதிர்வீட்டு பர்மியப் பெரியவர். பௌத்தர். என்னை ‘தமீ’ என்றுதான் கூப்பிடுவார், மகள் என்று அர்த்தம். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் பிள்ளைகளின் நாடகம் பார்க்க வந்தார். மேடையில் மேய்ப்பர்களும், கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகளும் குழந்தை இயேசு கிடந்த ஒரே முன்னணையைச் சுற்றி நின்றார்கள், வழக்கம்போல.

மறுநாள் பர்மிய பைபிளோடு வந்துவிட்டார். “தமீ, மத்தேயுவில் மேய்ப்பரே இல்லை, லூக்காவில் சாஸ்திரிகளே இல்லை. ஒருவர் பிள்ளையை எகிப்துக்குக் கொண்டுபோகிறார், இன்னொருவர் தேவாலயச் சடங்கை முடித்துவிட்டு நாசரேத்துக்கு அனுப்புகிறார். எந்தப் பக்கம் போனார்கள்?”

வேதாகமக் கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். சாஸ்திரிகள் வந்தது வீட்டுக்கு என்றுதான் மத்தேயு எழுதுகிறார். ஏரோது ராஜா இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொன்றதால், அவர்கள் கொஞ்ச காலம் கழித்து வந்திருக்கலாம். எருசலேமில் சடங்கு, பிறகு மறுபடி பெத்லகேம், எகிப்து, கடைசியில் நாசரேத்து. நடுவில் இருப்பதை லூக்கா விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வி பெரிதாக வந்தது. 1954 முதல் 1956 வரை இங்கே யாங்கோனில் கபா ஏ பகோடா வளாகத்தில் ஆறாவது பௌத்த சங்காயனம், அதாவது துறவிகளின் மாநாடு, நடந்தது. பல நாட்டுத் துறவிகள் உட்கார்ந்து, பாலி மொழியிலுள்ள பௌத்த வேத நூல்களைப் பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டுத் திருத்தினார்கள். சின்னப் பையனாக அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர் அவர். “உங்கள் ஆட்கள் ஏன் அப்படி உட்கார்ந்து நாலையும் ஒன்றாக்கவில்லை?”

ஒருவர் செய்தார் என்றேன். இரண்டாம் நூற்றாண்டில், கி.பி. 170 வாக்கில், தத்தியான் என்பவர் நாலு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகக் கோத்தார். தியாதெஸ்ஸரோன் என்று பேர். சிரியாக் மொழிச் சபைகள் பல தலைமுறையாக அதையே ஆராதனையில் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தெயோதொரேத்து என்ற ஆயர் தன் பகுதியில் 200க்கு மேற்பட்ட பிரதிகளை எடுத்துவிட்டு, பழையபடி நாலையும் கொண்டுவந்து வைத்தார்.

பெரியவர் சிரித்தார். “அப்படியானால் முரண் இருப்பது தெரிந்தேதான் வைத்திருக்கிறீர்கள்!”

ஆமாம், தெரிந்தேதான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்கிறவர் ஏதோ புதையலைத் தோண்டி எடுத்ததுபோல வருகிறார்; சபைக்கு அது முதல் நூற்றாண்டுகளிலிருந்தே தெரியும்.

மோகல் தெருப் பக்கம்

நமக்கு வாய்த்தது டீக்கடை. கூட்டாளி ஒரு பாய், தமிழர்தான், நம் வேதத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்படிச் செத்தான் என்று ஆரம்பித்தார். மத்தேயு 27இல் நான்றுகொண்டு செத்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 1இல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான். காட்டிக்கொடுத்த காசில் நிலத்தை வாங்கியது அங்கே ஆசாரியர்கள், இங்கே அவனே.

எங்கள் சபைப் போதகர் ஐயர் சொல்லித் தந்த பதிலை எடுத்துவிட்டேன்: தூக்கில் தொங்கினான், கயிறு அறுந்து கீழே விழுந்தான், காசு அவனுடையது என்பதால் அவன் வாங்கியதாகவே கணக்கு.

“கயிறு அறுந்தது எந்த அதிகாரத்துல இருக்கு அண்ணே?”

“எங்கயும் இல்ல பாய்.”

அந்த நிலக் கணக்கு எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. கயிறு விஷயத்தில், நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் நான் போவதில்லை. இரண்டையும் ஒட்டுகிற மூன்றாவது கதையை நாமே எழுதிவிட்டு, அதையும் வேதம் என்று நீட்டினால் பாய் விடமாட்டார், விடவும் கூடாது. காட்டிக்கொடுத்தான், கூலி வாங்கினான், கோரமாகச் செத்தான், அந்த நிலத்துக்கு இரத்தநிலம் என்று பேர் வந்தது. இவ்வளவும் இரண்டிலும் இருக்கிறது. பேச்சை அங்கிருந்து தொடங்கினால் டீ ஆறுவதற்குள் சண்டை வருவதில்லை.

மோல்மேன்

சின்னதாக ஒன்று. பெரிய வெள்ளி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோமே, அந்த ஏழும் சேர்ந்து எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. மத்தேயுவுக்கும் மாற்குக்கும் பொதுவாக ஒன்று, லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. நாமும் வருஷம் தவறாமல் தத்தியான் வேலைதான் பார்க்கிறோம்! பிரசங்கிகளுக்கு என் விண்ணப்பம்: “என்னை ஏன் கைவிட்டீர்” என்பதைச் சொன்ன கையோடு, லூக்காவின் அமைதியான வார்த்தையைக் கொண்டுவந்து மூடிவிடாதீர்கள். மாற்கு அந்தக் கூக்குரலோடு விட்டிருக்கிறார்.

பசுண்டாங்

இயேசுவின் வம்ச அட்டவணையை யாரும் தொடவில்லையே? யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மூன்றாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சொன்ன விளக்கம்: யாக்கோபும் ஏலியும் ஒருதாய்ப் பிள்ளைகள், தகப்பன் வேறு. ஏலி பிள்ளையில்லாமல் சாக, யூத வழக்கப்படி யாக்கோபு அந்த விதவையைக் கட்டினார். பெற்றவர் யாக்கோபு, சட்டப்படி தகப்பன் ஏலி. மரியாளின் வழியைத்தான் லூக்கா எழுதினார் என்பது பின்னால் வந்த விளக்கம். எனக்கு அது ஒட்டவில்லை, லூக்கா பேர் சொல்வது யோசேப்பைத்தான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெரியம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. “எங்க வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானத்துல ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு, அடையாள அட்டையில பர்மாப் பேரு. மூணு காயிதத்தையும் வச்சுப் பாத்தா எனக்கு மூணு புருஷன்னுல்ல ஆகும்!” என்றார். வகுப்பு அதோடு கலைந்தது.