ஆர்சிசிபியை எடுத்துடலாம்னு கான்ட்ராக்டர் சொல்றார், விடலாமா? (அவசரம்)

ஒத்தப்பனை:
வணக்கம். வீடு ரீவயரிங் முடிஞ்சு ஒரு வாரம் ஆகுது. தினம் நாலஞ்சு தடவை கரண்ட் போயிடுது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்னுதான் இவர்கிட்ட வேலையைக் கொடுத்தோம். போன் பண்ணினா "அந்த ஆர்சிசிபி ரொம்ப சென்சிடிவ் சார், எடுத்துட்டு நேரா கொடுத்துடறேன், தொல்லை விட்டுது"ங்கறார் (ஆர்சிசிபின்னா கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற பாதுகாப்பு சுவிட்சாம்). மீதிப் பணத்தையும் இந்த வாரமே கேக்கறார். எடுக்கச் சொல்லலாமா? இல்ல வேற ஆளைக் கூப்பிடணுமா? வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

டெஸ்டர்தம்பி:
எடுக்க விடாதீங்க. தானா ஆஃப் ஆகி விழறது ஆர்சிசிபிதானா, எம்சிபியா (லோடு அதிகமானா விழற சின்ன சுவிட்ச்)? எதைப் போட்டா விழுது? முழு வீடும் போகுதா, பாதி வீடா?

பியூஸ்போச்சு:
வாட்டர் ஹீட்டர். கண்ணை மூடிட்டுச் சொல்றேன். எலிமென்ட்ல விரிசல் விட்டுத் தண்ணி இறங்கியிருக்கும். எங்க வீட்லயும் இதே கதைதான்.

மழைக்காகம்:
வெளிச்சுவர்ல லைட் இருக்கா? மழை பெஞ்ச அன்னிக்கு மட்டும் விழுதா?

மூத்தபயனர்:
மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. பழைய இழைகளை ஒரு தடவை தேடிப் பார்த்துட்டுக் கேட்டா கை தேஞ்சுடாது. "கரண்ட் போயிடுது"ங்கறது டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ற மாதிரி. போகட்டும். லைசென்ஸைக் கண்ணால பார்த்தீங்களா? யார் பேர்ல இருக்கு? எந்தத் தேதி வரைக்கும் செல்லும்? என்ன கிரேடு? இது ஒண்ணையும் கேக்காம வீட்டைத் திறந்து விட்டுட்டு இப்ப அவசரம்னா எப்படி?

ஒத்தப்பனை:
மன்னிக்கணும், பதட்டத்துல எழுதிட்டேன். விழறது டி-ன்னு பட்டன் வச்ச பெரிசு. ரெண்டு இருக்கு, கீழ்வீட்டுக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு. மாடில ஓரத்து ரூம் ஃபேன் போட்டா விழுது. ஒரு சமயம் மாடியது மட்டும், ஒரு சமயம் ரெண்டும் சேர்ந்தே. அதே ரூம்ல நைட் லேம்ப் விடிய விடிய எரியுது, ஒண்ணும் ஆகல. அம்மா மறந்து மறந்து அந்த ஃபேனைப் போட்டுடறாங்க, அதான் நாலஞ்சு தடவை. ஹீட்டர் இன்னும் மாட்டவே இல்ல. லைசென்ஸ் பார்க்கல, விசிட்டிங் கார்டுல அச்சடிச்சிருந்தது.

பியூஸ்போச்சு:
அப்ப ஹீட்டர் பாயிண்ட்ல ஈரம்.

டெஸ்டர்தம்பி:
இதை மொதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும் அண்ணா. டி பட்டன் வச்சது ஆர்சிசிபிதான், ரெண்டும் சேர்ந்து விழுதுங்கறதுதான் துப்பு.

ஆர்சிசிபி பாக்கறது ஒரே கணக்கு: பேஸ்ல போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியா திரும்பி வந்துதா? 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா விழுந்தே ஆகணும். 15க்குக் கீழ இருந்தா விழக்கூடாது. நடுவுல அதோட இஷ்டம். உங்க ஓரத்து ரூமுக்கு பேஸ் மாடி ஆர்சிசிபில இருந்து போகுது, நியூட்ரலைக் கீழ்வீட்டு நியூட்ரல் கட்டையில (நியூட்ரல் கம்பியெல்லாம் சேர்ற இடம்) கொண்டுபோய் முறுக்கியிருக்காங்கன்னு நினைக்கறேன். மாடிக்காரனுக்கு அனுப்பினது திரும்பி வரல, கீழ்க்காரனுக்கு அனுப்பாதது வந்து நிக்குது. எது முந்துதோ அது விழும், சில நேரம் ரெண்டும்.

75 வாட் ஃபேன் 230 வோல்ட்ல 330 மில்லி ஆம்பியர் கிட்ட இழுக்கும். தாங்குமா? அரை வாட் நைட் லேம்ப் 2 மில்லிதான், அதனால கண்டுக்கல. ஆர்சிசிபி மேல ஒரு குத்தமும் இல்ல, அது அதோட வேலையைத்தான் பாக்குது.

காந்தம்:
எதுக்கு இவ்வளவு? 30ஐ எடுத்துட்டு 100 மில்லி போட்டா ஆச்சு.

டெஸ்டர்தம்பி:
330 போற இடத்துல 100 மட்டும் நிக்குமா? அது தவிர 30 வைக்கறது ஆளைக் காப்பாத்த. 100, 300 எல்லாம் தீப்பிடிக்காம இருக்க.

மழைக்காகம்:
நியூட்ரல் எங்கயாவது எர்த்தைத் தொட்டுட்டிருந்தாலும் லோடு போட்டா விழும். அந்த ரூம் எம்சிபியை ஆஃப் பண்ணி வச்சுட்டு மாடில மத்த ரூம் ஃபேனெல்லாம் போட்டுப் பாருங்க. அப்பவும் விழுந்தா நான் சொல்றதுதான். ஒத்தை போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.

மூத்தபயனர்:
எல்லாரும் எர்த்தை விட்டுட்டீங்க. எர்த் சரியில்லாத வீட்ல ஆர்சிசிபி வேலையே செய்யாது. அடிப்படைப் பாடம்.

மழைக்காகம்:
தப்பு. எர்த் இல்லாமலும் விழும். அது பேஸையும் நியூட்ரலையும் மட்டும்தான் ஒப்பிடுது, எர்த் கம்பி அதுக்குள்ள போறதே இல்ல. எர்த் இருந்தா மெஷின்ல லீக் ஆன உடனே விழும். இல்லாட்டி நீங்க போய்த் தொடற வரைக்கும் காத்திருக்கும். எர்த் வேணும்தான், ஆனா நீங்க சொன்ன காரணத்துக்கு இல்ல.

மூத்தபயனர்:
நடைமுறையில ரெண்டும் ஒண்ணுதான்.

மழைக்காகம்:
தொட்டுப் பார்த்தவன்கிட்ட கேளுங்க ஒண்ணான்னு.

முப்பதுவருசம்:
எல்லாரும் லைசென்ஸ் லைசென்ஸ்னு பேசறீங்க. நான் 30 வருசமா லைசென்ஸ் இல்லாமதான் கம்பி இழுக்கறேன், ஒரு வீடு எரியல. லைசென்ஸ் வச்சிருக்கவங்க கார்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கறது நாங்கதான்.

மூத்தபயனர்:
எரியல, சரி. எரிஞ்சா யார் பதில் சொல்றது? இன்சூரன்ஸ்காரன் உங்க 30 வருசத்தை எந்தக் கட்டத்துல எழுதுவான்?

முப்பதுவருசம்:
இந்த வீட்ல நியூட்ரலை மாத்தி முறுக்கினதும் லைசென்ஸ்காரர்தானே அண்ணாச்சி?

காந்தம்:
செம.

கணக்குநோட்டு:
சண்டை முடிஞ்சா அவர் கேட்டதைப் பாக்கலாமா? போன வருசம் எங்க வீட்ல வயரிங் மாத்தினப்ப பட்ட அனுபவத்துல சொல்றேன். வேலை கத்துக்கிட்டவர்னு கொடுக்கற சான்று வேற, வேலை எடுத்து நடத்தற கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேற. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணுன்னு நினைக்க வைப்பாங்க. நம்பரை வாங்கி, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துலயே கேளுங்க. கார்டுல யார் வேணா எது வேணா அச்சடிக்கலாம். அனுமதி வாங்கற வேலையா இருந்தா அது யார் பேர்ல வாங்கினதுன்னும் பாருங்க. "நீங்களே உங்க பேர்ல வாங்கிடுங்க"ன்னு சொல்லியிருந்தா, நாளைக்குப் பொறுப்பும் உங்க தலையிலதான்.

அடுத்தது, வேற ஆளை உடனே டிபி பாக்ஸை (இந்த சுவிட்செல்லாம் இருக்கற பெட்டி) திறக்க விடாதீங்க. அப்புறம் "என் வேலை சரியாத்தான் இருந்தது, அவர் கை வச்சதுல கெட்டுது"ன்னு முதல் ஆள் நழுவிடுவார். குறையை எழுத்துல அனுப்புங்க, வாட்ஸாப் போதும்: எந்த ரூம், எதைப் போட்டா, எது விழுது, எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணணும். ஆர்சிசிபியை எடுக்க சம்மதமில்லைன்னு அதுலயே எழுதிடுங்க. வரலைன்னா தாராளமா அடுத்த ஆளைக் கூப்பிடலாம். கருகின வாடை, சூடு, தொட்டா சுர்ருன்னு இருந்தா இந்த நாகரிகமெல்லாம் பாக்காம மெயினை ஆஃப் பண்ணிட்டு அன்னிக்கே கூப்பிடுங்க.

மீதிப் பணம் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த அப்புறம்தான். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இன்சுலேஷன் அளவு இருக்கணும், 500 வோல்ட் மெகர்ல (இன்சுலேஷனைச் சோதிக்கற மீட்டர்) குறைஞ்சது 1 மெகா ஓம். எர்த் அளவும், ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டுல விழுந்ததுன்னும் இருக்கணும். "டெஸ்ட் பண்ணோம், ஓகே"ன்னு ஒத்தை வரி எழுதிக் கொடுத்தா வாங்காதீங்க. எனக்கு மொதல்ல அப்படித்தான் வந்தது, திருப்பி அனுப்பினேன், முனகிக்கிட்டே மெகரோட வந்தாங்க.

முப்பதுவருசம்:
மெகர் நானும் வச்சிருக்கேன்மா.

கணக்குநோட்டு:
அப்ப லைசென்ஸும் எடுத்துடுங்கண்ணா, பாதிக் கஷ்டம் போயிடும்.

டெஸ்டர்தம்பி:
ஒத்தப்பனை அண்ணா, மழைக்காகம் சொன்ன மாதிரி பார்த்தீங்களா? டிபி பாக்ஸ் போட்டோ இருந்தா போடுங்க. கவரை நீங்க கழட்ட வேணாம், வெளியில தெரியறது போதும்.

(நாலு நாள் கழிச்சு)

மழைக்காகம்:
ஆளைக் காணோமே. கரண்ட் இருக்கா இல்லையா?

ஒத்தப்பனை:
சரியாயிடுச்சு. நியூட்ரல்தான், கீழ்க் கட்டையில இருந்ததை மாடிக் கட்டைக்கு மாத்தினாங்க, கால் மணி நேர வேலை. ஆர்சிசிபி ரெண்டும் அப்படியே இருக்கு. லைசென்ஸ் கேட்டேன், அது அவர் அண்ணன் பேர்ல இருக்காம். எல்லாருக்கும் நன்றி.

கணக்குநோட்டு:
அண்ணன் வேலை நடந்த இடத்துக்கு ஒரு நாளாவது வந்தாரா? டெஸ்ட் ரிப்போர்ட்ல யார் கையெழுத்து? பணம் கொடுத்துட்டீங்களா?

மூத்தபயனர்:
கொடுத்திருப்பார்.

பியூஸ்போச்சு:
எதுக்கும் ஹீட்டர் மாட்டினதும் ஒரு தடவை சொல்லுங்க.