பழைய சர்வர் வாங்கப்போறேன், ஆர்720-ஆ ஆர்730-ஆ? என்னென்ன செக் பண்ணனும்?

லேப்_ஆசை:
வீட்டுல ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷின்ல பல விர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு நாலஞ்சு விஎம் ஓட்டி கத்துக்கணும், கூடவே எங்க சின்ன ஆபீஸோட ஃபைல் பேக்கப்பையும் அதுலயே வச்சிடலாம்னு நினைக்கிறேன். புதுசு வாங்க கட்டுப்படியாகாது. டெல் ஆர்720 ஒண்ணு, ஆர்730 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வந்திருக்கு, ரெண்டுலயும் 128 ஜிபி ரேம், டிஸ்க்கோடவே தர்றாங்க, 720 நல்ல சீப். எதை எடுக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரேக்ரூம்:
யோசிக்காம 730 எடுங்க ப்ரோ. 720 டிடிஆர்3-ங்கிற பழைய ரேம் காலத்து மெஷின், ரேம் நாளைக்கு வேற மெஷினுக்கு மாத்தக்கூட உதவாது. 730-ல அதுக்கு அடுத்த தலைமுறை டிடிஆர்4 ரேம், ப்ராசஸர்ல ஜியான் இ5 வி3, வி4 ரெண்டும் போடலாம். இன்னொண்ணு, 720-ல வர்ற எச்710 ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து நடத்துற கார்டு) டிஸ்க்கை நேரா ஓஎஸ்ஸுக்கு காட்டாது, இசட்எஃப்எஸ் (டிஸ்க்கை தானே நேரா கையாளுற ஃபைல் சிஸ்டம்) போடணும்னா வேற ஃபர்ம்வேர் ஃப்ளாஷ் பண்ணி மல்லுக்கட்டணும், 730-ல எச்730 கார்டு இருந்தா செட்டிங்லயே டிஸ்க்கை நேரா காட்டுற எச்பிஏ மோட் இருக்கு.

பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஐடிராக் (சர்வரை தூரத்துல இருந்தே கவனிக்க டெல் குடுக்குற மேனேஜ்மென்ட் ஸ்க்ரீன்) உள்ள போய் சிஸ்டம் ஈவென்ட் லாக்கை கண்டிப்பா பாருங்க. ஒரே ரேம் ஸ்லாட் பேர்ல கரெக்டபிள் மெமரி எரர் (மெஷின் தானே திருத்திக்கிட்ட ரேம் பிழை) வரிசையா வந்திருந்தா அந்த ஸ்டிக்கை நம்பாதீங்க. லாக்ல "லாக் க்ளியர்ட்"னு ஒரே ஒரு வரி மட்டும், அதுவும் நேத்து தேதியில இருந்தா, ஏன் அழிச்சீங்கன்னு கேளுங்க.

நைட்ஷிஃப்ட்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா எனக்கு பயமே அந்த டிஸ்க்குங்க மேலதான். டேட்டா சென்டர்ல ராத்திரி பகலா ஓடினது, 43,800 மணி நேரம்னு காட்டினா முழுசா 5 வருஷம் ஓடியிருக்குன்னு அர்த்தம். டிஸ்க் நிலைமையை காட்டுற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் போட்டு பாருங்க, சாஸ் டிஸ்க்னா (சர்வர்ல வர்ற வகை) க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்ல, அதாவது ஓட ஓட கெட்டுப்போன இடங்களோட எண்ணிக்கை, 0 இருக்கணும், எண்ணிக்கை ஏறிட்டே போனா தொடவே தொடாதீங்க. ஸ்டோரேஜ் பாக்ஸ்ல இருந்து கழட்டின டிஸ்க் சிலது 520 பைட் செக்டர்ல இருக்கும், 512-க்கு ஃபார்மட் பண்ணாம சர்வர் எடுத்துக்காது, ஒரு டிஸ்க்குக்கே மணிக்கணக்குல ஆகும்.

தயவுசெஞ்சு ஆபீஸ் பேக்கப்பை அந்த டிஸ்க்ல வைக்காதீங்க. கத்துக்குற மெஷினை தினம் கலைச்சு கலைச்சு போடுவீங்க, ஒருநாள் அதோட பேக்கப்பும் போயிடும். அதுக்கு தனியா புது டிஸ்க் வாங்குங்க.

ஃபேன்சத்தம்:
கரண்ட் பில்லை யாருமே சொல்லலையே. சும்மா நின்னாலே 100 வாட் இழுத்தா ஒரு நாளைக்கு 2.4 யூனிட், மாசம் 72 யூனிட், லோட் ஏறினா இன்னும் கூடும். ஆன் பண்ணும்போது ஃபேன் கத்துற கத்துல பக்கத்து ரூம்ல தூங்கவே முடியாது, டெல் சர்டிஃபை பண்ணாத பிசிஐ கார்டு போட்டா 730-ல ஃபேன் வேகம் அப்படியே ஏறி நிக்கவும் செய்யும். நாலஞ்சு விஎம்முக்கு 32 ஜிபி ரேம் போட்ட பழைய ஆபீஸ் மினி பிசியே தாராளம். ரெய்டு, ஐடிராக் எல்லாம் கைல தொட்டு கத்துக்கணும்னா மட்டும் சர்வர் வாங்குங்க.

லேப்_ஆசை:
எனக்கு அந்த ஹார்டுவேர் வேலைதான் கத்துக்கணும், அதனால 730-தான். ஆனா விக்கிறவர் ஃபோட்டோ மட்டும்தான் அனுப்புவேங்கிறார், என்ன கேக்கட்டும்?

ரேக்ரூம்:
ஃபோட்டோ வேணாம், வீடியோ கேளுங்க. பவர் போடுறதுல இருந்து பூட் ஆகுற வரைக்கும் ஒரே ஷாட்டா, சர்வீஸ் டேக் (அந்த மெஷினோட டெல் அடையாள எண்) தெரியணும், அப்புறம் அதே டேக் வர்ற ஐடிராக் ஸ்க்ரீன்ல லாக்கை ஸ்க்ரோல் பண்ணி காட்டணும். டேக்கை டெல் சப்போர்ட் சைட்ல போட்டா ஃபேக்டரில இருந்து என்ன கான்ஃபிக்ல வந்துச்சுன்னு தெரிஞ்சிடும். ரெண்டு பவர் சப்ளையையும் ஒவ்வொண்ணா கழட்டி, மெஷின் நிக்காம ஓடுதான்னும் காட்டச் சொல்லுங்க.