கடல் ஓவியம்: நுரைக்கு விட்ட வெள்ளை நிற்கவில்லை, உதவி தேவை

வணக்கம். நாகப்பட்டினத்தில், வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்காக வாராந்தரக் கடல் ஓவிய அமர்வு நடத்துகிறோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன் பேப்பர், கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ளது); ட்யூப் வாட்டர்கலர்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தாள் மையொற்றுத்தாள் மாதிரி வண்ணத்தை உறிஞ்சுகிறது. அல்ட்ராமரைன் நீலத்தில் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) இழுத்தால் கருநீலப் பொட்டுகள் விழுகின்றன. வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் மறைக்கப் பூசும் ரப்பர் திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிடை, காய்ந்தபின் உரித்தால் தாளின் மேல்தோலும் கூடவே வருகிறது. சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே இறங்கிவிடுகிறது; ஈரப்பதத்தில் சைசிங் (தாள் நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பசைப்பூச்சு) போய்விட்டது என்றே தெரிகிறது.

வெயிலில் உலர்த்திப் பார்த்தோம், பலனில்லை. வெள்ளை குவாஷ் (அடிநிறத்தை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) வைத்தால் அடியிலுள்ள நீலம் கரைந்து சாம்பலாகிறது. மெழுகு தேய்த்தால் வெள்ளை நிற்கிறது, ஆனால் அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது.

இந்த அமர்வில் நுரை வெறும் அலங்காரம் இல்லை. அலையை எவ்வளவு இருட்டாகத் தீட்டினாலும், வெள்ளையை எங்கே விடுவது என்பது அவரவர் முடிவு. வாய்விட்டுச் சொல்ல முடியாததும் பல நேரம் அங்கேதான் வெளிப்படுகிறது. அந்த இடத்தில் தாள் கிழிந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

கைவசம் இதே தாள் நிறைய இருக்கிறது, வீணாக்க மனமில்லை. இவற்றுக்கு ஜெலட்டின் பூசி மறுபடி சைசிங் செய்ய, படிகாரம் சேர்க்காமல், லிட்டர் வெந்நீருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்?