கை நடுக்கம் மாத்திரையாலா, நோயாலா?

மழைக்காகம்:
தம்பிக்கு 19 வயது. சைக்கோசிஸ் (எது நிஜம், எது பிரமை என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய்) இன்னும் வரவில்லை, வரலாம் என்று அதற்கான ரிஸ்பெரிடோன் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகிறது. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். நடக்கும்போது வலது கை வீசுவதே இல்லை. வராத நோய்க்கு மருந்து கொடுத்து நடுக்கத்தை வரவழைத்துவிட்டார்கள்.

பழைய செவிலி:
கோபம் நியாயம்தான். ஆனால் மாத்திரையே தொடாத பிள்ளைகளிடமும் அசைவுக் கோளாறு உண்டு. மனநோயாளிகள் அசையாமல் உறைந்துபோகும் கேட்டடோனியாவைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் கால்பாம் எழுதியது 1874-இல். இந்த வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்ததோ 1952-இல். 1990-களில் எலைன் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், பின்னாளில் மனச்சிதைவு (சைக்கோசிஸ் வகை நோய்) வந்தவர்களின் சிறுவயதுப் படச்சுருள்களை ஓட்டிப் பார்த்தார். தவழும் வயதிலேயே கை அசைவில் வித்தியாசம், அதுவும் இடது பக்கம் அதிகம்.

மழைக்காகம்:
1874-ஐ எதற்கு இழுக்கிறீர்கள் அக்கா? போன வருடம் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவன் இவன். ஆபத்து இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. தடுப்பதற்காக இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது.

பழைய செவிலி:
சரி, ஊசி நூல் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அசைவுக்கும் தேவையான டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து இது, விறைப்பும் நடுக்கமும் வரத்தான் செய்யும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

கடைசிபெஞ்ச்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் மாத்திரைக்கு முன் யாராவது அவன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்களா? விறைப்பு இருந்தால் கை வழுக்கிக்கொண்டு வராது, பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டு வரும். அரை நிமிட வேலை. அதை முன்பே எழுதி வைக்காவிட்டால் நீங்கள் சொல்வதையும் நிரூபிக்க முடியாது, அக்கா சொல்வதையும் நிரூபிக்க முடியாது.

எனக்கு நடந்தது இது. மருந்து தொடங்கியதும் உட்கார முடியவில்லை, ராத்திரி முழுக்க அறைக்குள் நடந்தேன். நோய் முற்றுகிறது என்று டோஸைக் கூட்டினார்கள், நடை இன்னும் கூடியது. வேறொரு மருத்துவர் குறைத்தார், ஒரு வாரத்தில் உட்கார்ந்தேன். மருந்தால் வரும் அந்தத் தவிப்புக்கு அகதிசியா என்று பெயர். பார்க்கிறவர் கண்ணுக்கு அது நோய் மாதிரியே தெரியும்.

மழைக்காகம்:
யாரும் மடக்கிப் பார்க்கவில்லை. ஆனால் போன வருடம் அவன் நடந்து வரும் வீடியோ ஒன்று போனில் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையும் வீசுகிறான்.

பழைய செவிலி:
அதை அழித்துவிடாதீர்கள். இன்றைக்கு அவன் நடப்பதையும் எடுத்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.