பவர் டூல்ஸ் எத்தனை வருடம் உழைக்கும்? மலிவு மிஷின் வாங்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மரவேலை_கோவை

பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் கேட்கிறார்கள்: “அண்ணா, பிராண்டு மிஷின் வாங்கட்டுமா, ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே அதை வாங்கட்டுமா?” எந்த மிஷின், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும், கெட்டுப்போனால் நம் ஊரில் யார் பார்ப்பார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. என் பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். மற்ற தொழிலில் இருப்பவர்கள் உங்களுடையதை எழுதுங்கள்.

எங்களிடம் அதிகம் அடிபடுவது டிரிம்மர், ஓரம் சீவும் சின்ன மிஷின். மைக்கா ஒட்டி ஓரம் சீவுகிற வேலை காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இருக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகிற மிஷின் அது. அந்த வேகத்தில் முதலில் போவது பேரிங். பெயர் தெரியாத மலிவு டிரிம்மர் ஒன்றையும் மகிட்டா 3709 ஒன்றையும் ஒரே காலத்தில் ஓட்டிப் பார்த்தோம். மலிவானதில் மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிட்டைப் பிடிக்கும் கோலெட் சில மாதங்களில் தளர்ந்துவிட்டது. ஓட ஓட பிட் கீழே இறங்கும். ஒரு மில்லி இறங்கினாலும் மைக்காவோடு பிளைவுட்டும் சீவிக்கொண்டு போய்விடும். வீணான ஷட்டர் (அலமாரிக் கதவு) ஒன்றின் காசுக்கே இரண்டு மிஷின்களின் விலை வித்தியாசம் சரியாகப் போயிற்று. மகிட்டாவுக்கு கார்பனும் (மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் சின்னக் கட்டி) பேரிங்கும் மாற்றி மாற்றி இன்னும் ஓட்டுகிறோம்.

அதே பட்டறையில் ஜிக்சா, ஹீட் கன், தூசி ஊதும் பிளோயர் மூன்றும் மலிவுச் சரக்குதான். வருடங்களாக ஒரு தொந்தரவும் இல்லை. ஜிக்சா எப்போதாவது சிங்க் கட்டிங்குக்கு எடுப்போம். ஹீட் கன் எட்ஜ் பேண்டைச் சூடு காட்ட. பிளோயர் தினமும் ஓடினாலும் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். இவற்றுக்கு அதிக விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. மிஷினில் காசை மிச்சம் பிடித்தாலும் பிளேடிலும் பிட்டிலும் பிடிக்காதீர்கள். முனை மழுங்கிய பிளேடைப் போட்டால் கை அழுத்தும், மோட்டார் திணறும், காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) சூடாகும். மோட்டார் எரிந்த சர்க்குலர் சாக்களில் பெரும்பாலும் மொட்டை பிளேடு மாட்டியிருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். சுமாரான மிஷினில் நல்ல டங்ஸ்டன் கார்பைடு பல் பிளேடு போட்டு ஓட்டினால் அது எத்தனையோ நாள் உழைக்கும்.

டைல்ஸ்_நெல்லை

அண்ணன் சொல்வது மர வேலைக்குச் சரி. எங்கள் தொழிலில் கணக்கே வேறு. சிமெண்ட் தூசிக்கு பிராண்டு தெரியாது. சிஎம்4 கட்டரை (டைல்ஸ், கல் வெட்டும் மார்பிள் கட்டர்) ஒரு நாள் முழுக்க டைல்ஸில் ஓட்டினால் அரைத்த தூள் காற்றோடு உள்ளே போய் காயிலை உரசிக்கொண்டே இருக்கும். கிரானைட் என்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுவோம், அந்தச் சேறும் உள்ளே தெறிக்கும். விலை உயர்ந்ததை வாங்கியும் ஓட்டியிருக்கிறேன், குறைந்ததையும் ஓட்டியிருக்கிறேன். உயர்ந்தது கூடுதலாக உழைத்தது உண்மை. ஆனால் கொடுத்த விலைக்கு ஈடாக உழைக்கவில்லை. அதோடு சைட்டில் மிஷின் காணாமல் போகும், மூன்றாவது மாடியிலிருந்து விழும், ஹெல்பர் பையன் கேட்காமல் எடுத்து சுவரில் காடி அடிப்பான். அதனால் கட்டர் மட்டும் நடுத்தர விலைக்குக் கீழே வாங்கி, கையில் எப்போதும் இரண்டு வைத்துக்கொள்கிறேன். ஒன்று சூடானால் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுப்பேன். இரண்டுமே அதனால் கூடுதலாக நிற்கின்றன.

டைமண்ட் பிளேடில் மட்டும் சமரசம் கிடையாது. மட்டமான பிளேடு விட்ரிஃபைடு டைலில் ஓரம் ஓரமாகச் சில்லு பெயர்க்கும். வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது.

காயில்கடை_ஈரோடு

நான் பழுது பார்க்கிறவன். டைல்ஸ் தம்பி சொன்ன இரண்டு மிஷின் யோசனை ரொம்பச் சரி, அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மோட்டார்களைக் குளிர வைப்பது அதே தண்டில் இருக்கும் விசிறி. மிஷின் வேகம் குறைந்தால் விசிறியும் வேகம் குறையும். அழுத்திப் பிடித்து வெட்டும்போது மோட்டார் அதிகக் கரண்டு இழுக்கும், ஆனால் காற்று குறைவாகக் கிடைக்கும். அதனால் மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. ஆனால் சூடு உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துக் கீழே வைத்தால் சூடு உள்ளேயே நின்று காயிலின் வார்னிஷைக் கருக்கும். வேலை முடிந்ததும் லோடு இல்லாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அப்புறம் அணையுங்கள். காசு செலவில்லாத மெயின்டனன்ஸ் இதுதான். செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

என்னிடம் வரும் கிரைண்டர்களில் முக்கால்வாசி கார்பன் தேய்ந்தது தெரியாமல் ஓட்டி ஆர்மேச்சரை (மோட்டாரில் சுற்றும் பாகம்) எரித்துக்கொண்டு வருபவை. கார்பன் ஐந்தாறு மில்லி நீளத்துக்குத் தேய்ந்துவிட்டால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கால் அதை அழுத்திப் பிடிக்க முடியாது. காமுடேட்டரில் (ஆர்மேச்சர் முனையில் கார்பன் உரசும் செம்பு உருளை) சரியாகப் பதியாமல் பொறி பறக்கும். அந்தப் பொறி செம்புத் தகடுகளை அரித்துக் குழியாக்கும். குழி விழுந்த காமுடேட்டர் புதுக் கார்பனையும் சீக்கிரம் தின்றுவிடும். அப்புறம் ஒரு நாள் புகை வரும். கார்பன் ஜோடி நூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். ஆர்மேச்சர் என்றால் மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதி. காற்றுத் துளை வழியாகப் பாருங்கள்: கார்பன் உரசும் இடத்தில் சின்னதாக நீலப் பொறி தெரிந்தால் பரவாயில்லை. காமுடேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

போஷ் மிஷின்கள் பலவற்றில் கார்பன் தேய்ந்ததும் மிஷின் தானாக நின்றுவிடும். கார்பனுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன முனை வைத்திருப்பார்கள். தேய்மானம் எல்லை தாண்டியதும் அது வெளியே வந்து கார்பனைக் காமுடேட்டரிலிருந்து தூக்கிவிடும். “மிஷின் செத்துப்போச்சு” என்று கொண்டு வருவார்கள். பத்து நிமிட வேலைதான். ஆர்மேச்சரைக் காப்பாற்றவே செய்த ஏற்பாடு அது. மலிவு மிஷின்களில் பெரும்பாலும் இருக்காது. அவற்றை வைத்திருப்பவர்கள் தாங்களே அவ்வப்போது மூடியைத் திருகிப் பார்க்க வேண்டும்.

மலிவு மிஷின் வாங்குவதென்றால் அது எந்த மாடலின் அச்சு என்று முதலில் பாருங்கள். சந்தையில் வரும், கான்கிரீட்டில் துளை போடும் ரோட்டரி ஹேமர்களில் ஏராளமானவை போஷ் 2-26 உருவத்தில் வார்த்தவை. மார்பிள் கட்டர் என்றால் ஹிட்டாச்சியின் சிஎம்4. அந்த பிராண்டே 2018இல் ஹைகோகி என்று பெயர் மாறிவிட்டது, கடையில் இன்னும் எந்த மார்பிள் கட்டரையும் சிஎம்4 என்றே கேட்கிறார்கள். இப்படிப் பழகிய மாடலின் நகலாக இருந்தால் ஆர்மேச்சர், பீல்டு காயில், கியர், சுவிட்ச் எல்லாம் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். நானே அப்படி மலிவு 2-26 மிஷின்களுக்கு நல்ல ஆர்மேச்சர் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வருடக்கணக்கில் ஓடுகின்றன. யாரும் பார்த்திராத புது உருவத்தில் ஒரு மிஷின் வந்தால், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஐம்பது ரூபாய் சுவிட்ச் கிடைக்காமல் மூலையில் கிடக்கும்.

ஸ்பேர் வாங்கும்போது கவனம். ஆர்மேச்சர் கம்பி செம்பு நிறத்தில் இருந்தால் செம்பு என்று நம்ப வேண்டாம். இனாமல் பூச்சு அந்த நிறத்தில் இருக்கும், உள்ளே அலுமினியம் இருக்கும். நுனியில் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். கையில் தூக்கினாலும் எடை குறைவது தெரியும். ஓடும், ஆனால் சூடு தாங்காது. நான்கு இஞ்சு கிரைண்டர் ஆர்மேச்சருக்குக் கையால் காயில் கட்டிக் கொடுக்கச் சொல்லியும் வருகிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிற பொருள், எடை ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் அதிர்ந்து பேரிங்கைத் தின்னும். பெரிய கட்-ஆஃப் மிஷினுக்குக் கட்டலாம்.

பேரிங் பற்றி ஒன்று. பின்பக்கம் சின்ன பேரிங், அனேகமாக 607 அல்லது 608, பிளாஸ்டிக் உடம்பில் உட்கார்ந்திருக்கும். அது இறுகிச் சூடானால் பிளாஸ்டிக் உருகி இருக்கையே போய்விடும், அப்புறம் உடம்பை மாற்ற வேண்டும். தகடு மூடி போட்ட பேரிங்குக்குப் பதில் ரப்பர் சீல் போட்டதை மாற்றச் சொல்லுங்கள். சுவர் தூசியில் ஓடும் மிஷினுக்கு அது கட்டாயம்.

மாடித்தோட்டம்_தாம்பரம்

வீட்டு உபயோகத்துக்கு மட்டும் கேட்கிறேன் சார். திரைச்சீலைக் கம்பி, அலமாரி, தொட்டி ஸ்டாண்ட் இவ்வளவுதான். மலிவு டிரில் கிட் ஒன்று வைத்திருக்கிறேன், பல வருடமாக ஓடுகிறது. சுவரில் சுலபமாகத் துளை விழுகிறது. ஜன்னலுக்கு மேலே மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மாட்டேன் என்கிறது. மிஷின் மட்டமா?

ஏசி_மெக்கானிக்_திருப்பூர்

மிஷினைக் குறை சொல்ல வேண்டாங்க. ஜன்னலுக்கு மேலே லிண்டல், அது கான்கிரீட். உங்களிடம் இருப்பது சாதாரண இம்பாக்ட் டிரில். அதற்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கி அதிர்வு கொடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் அழுத்தினால்தான் அதற்கு அடி. செங்கல்லுக்கு அது தாராளம். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி, அந்தக் காற்று உள்ளிருக்கும் சுத்தியலைத் தள்ளி பிட்டை அடிக்கும். கை அழுத்தவே தேவையில்லை, மிஷினைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட் அடிக்க தினமும் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போடுகிறேன். நிறைய விலை கொடுத்து வாங்கிய இம்பாக்ட் டிரில்லை விட விலை குறைந்த ரோட்டரி ஹேமர் கான்கிரீட்டில் பல மடங்கு வேலை செய்யும். பிராண்டுக்கு முன்னால் எந்த வகை மிஷின் என்று பாருங்கள். வகை தப்பினால் எந்தக் கம்பெனி மிஷினும் சீக்கிரம் சாகும். உங்களுக்கு வருடத்தில் இரண்டு துளைதான் கான்கிரீட்டில் என்றால் வாங்கவே வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அல்லது நாள் வாடகைக்கு எடுங்கள்.

காயில்கடை அண்ணா, ஹேமர் சுற்றும் ஆனால் அடிக்காது என்று நிறையப் பேர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

காயில்கடை_ஈரோடு

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். பிஸ்டனிலும் சுத்தியலிலும் ரப்பர் ஓ-ரிங் இருக்கும். அது தேய்ந்தால் காற்று கசிந்து அடி போய்விடும். மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. ஓ-ரிங் செட்டும் கிரீஸும் மாற்றினால் பழைய அடி வந்துவிடும். மலிவு மிஷினில் ஓ-ரிங் சீக்கிரம் இறுகிவிடுகிறது, அது உண்மை. வாங்கிய கொஞ்ச நாளிலேயே கழற்றி நல்ல ஓ-ரிங்கும் ஹேமர் கிரீஸும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கையில் அகப்பட்ட வண்டி கிரீஸைத் திணிக்காதீர்கள். ரொம்ப நிறைத்தாலும் காற்று அழுத்தம் ஏறாமல் அடி குறையும். பிட்டின் வாலில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடவுங்கள், அதனாலேயே சக் பல மடங்கு நாள் வரும்.

ஃபேப்ரிகேஷன்_ஓசூர்

கேட், கிரில் வேலை. இரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் எங்கள் கிரைண்டரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கம்ப்ரஸரில் ஊதியே ஆக வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் கையில் இருக்கும் மிஷினுக்கு நான் நல்லதைத்தான் வாங்குவேன். உழைப்புக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அதிர்வு குறைவு, கை மரத்துப் போவதில்லை.

கட்டிங் வீலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. பிசினில் ஒட்டிய கல், ஈரம் பட்டுப் பட்டு வலுவிழக்கும். நல்ல வீலில் நொடிக்கு 80 மீட்டர் என்று வேகமும் போட்டிருக்கும். இரண்டும் இல்லாத வீலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் என் பட்டறைக்குள் விடுவதில்லை. வெடித்துச் சிதறிய துண்டு கண்ணில் பட்டவரை எனக்குத் தெரியும். கார்டைக் (வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு) கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பிளேடை கிரைண்டரில் மாட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

மரவேலை_கோவை

எல்லாருக்கும் நன்றி. கார்டு விஷயத்தை ஃபேப்ரிகேஷன் அண்ணன் சொன்னது நல்லதாயிற்று, எங்கள் பட்டறையில் அது முதல் நாள் பாடம்.

பேட்டரி மிஷினைப் பற்றி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்கள். 88, 98, 128 என்று வோல்ட் எண் போட்டு ஆன்லைனில் விற்கும் டிரில், மினி செயின் சா இவற்றின் பேட்டரியைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஐந்து செல் வரிசை. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுச் சார்ஜில் 21. அதற்கு மேல் எழுதியிருப்பதெல்லாம் அட்டையில் மட்டும்தான். பெயருள்ள கம்பெனிகள் 18 என்றும் 20 மேக்ஸ் என்றும் போடுவதும் அதே ஐந்து செல்தான்.

பேட்டரி மிஷினில் சாவது மோட்டார் கிடையாது, செல்தான். மலிவு பேக்கில் செல்களின் சார்ஜைச் சமன் செய்யும் ஏற்பாடு பலவற்றில் இருக்காது. ஒரு செல் பலவீனமானால் மற்ற நான்கும் நன்றாக இருந்தும் பேக் நின்றுவிடும். அதனால் பேட்டரி விஷயத்தில் மட்டும் வீட்டு உபயோகக்காரர்களுக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: ஐந்து வருடம் கழித்தும் அதே பேட்டரி கடையில் கிடைக்கும் என்று நம்பக்கூடிய கம்பெனியில் வாங்குங்கள். அவ்வளவு செலவு முடியாது என்றால் ஒயர் வைத்த டிரில் வாங்குங்கள். மாடித்தோட்டம் சார் வைத்திருப்பதைப் போல மாதக்கணக்கில் தொடாமல் இருந்தாலும் எடுத்தவுடன் ஓடும். பேட்டரி வைத்திருப்பவர்கள் சும்மா வைக்கும்போது பாதிச் சார்ஜில் வையுங்கள், முழுக்க வடியவிட்டு வைத்தால் செல் போய்விடும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள்.

பிரஷ்லெஸ் (கார்பன் இல்லாத மோட்டார்) மிஷின் வாங்கி, மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு போய், வெளியே சரி செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கார்பன் பிரச்சினை இல்லை என்று எல்லாரும் அதற்கு மாறுகிறார்கள். போர்டு விலையைக் கேட்டால் புது மிஷினே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. காயில்கடை அண்ணா, உங்களிடம் அந்த மாதிரி வந்தால் என்ன செய்கிறீர்கள்?