அப்பாவின் அறுவைசிகிச்சைத் திசுவை ஆர்கனாய்டு ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

மாம்பலம்_மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருப்பது பயாப்சியில் உறுதியாகி, சென்னையில் ஒரு மருத்துவமனையில் அடுத்த வாரம் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வழக்கமான படிவங்களோடு தனியாக இன்னொரு ஒப்புதல் படிவமும் தந்தார்கள். அகற்றப்படும் குடல் பகுதியில் பரிசோதனைக்குத் தேவையானது போக எஞ்சுவதில் சிறு துண்டை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்து (புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) ஆர்கனாய்டு என்னும் குட்டி உறுப்பு மாதிரியை வளர்த்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று அதில் கேட்டிருக்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும்.

"எப்படியும் எரிக்கப் போவதுதானே, கொடுத்துவிடலாம்" என்கிறார் அப்பா. அவருடைய உடம்பின் ஒரு பகுதி எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் என்பதை அம்மாவால் ஏற்கவே முடியவில்லை. அதற்கு வலி தெரியுமா என்றுகூடக் கேட்டார். உண்மையில் என்னதான் வளர்க்கிறார்கள்? அப்பாவின் சிகிச்சைக்கு அதனால் பயன் உண்டா? கையெழுத்துக்கு முன் எதைக் கேட்டுத் தெளிய வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தரமணி_ஆய்வு_மாணவி:

வணக்கம் அக்கா. குடல் ஆர்கனாய்டு வளர்க்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன் என்பதால் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நம் குடலின் உட்சவ்வு சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. அந்தச் சவ்வில் இருக்கும் நுண்குழிகளின் அடியில் உள்ள ஸ்டெம் செல்கள் இடைவிடாமல் பிரிந்து, தேய்ந்து உதிரும் செல்களுக்கு ஈடுகொடுப்பதால்தான் இது நடக்கிறது. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் கூடத்தில், அவரும் தோஷிரோ சாட்டோவும் 2009-இல் எலிக் குடலிலிருந்து இப்படிப்பட்ட ஒற்றை ஸ்டெம் செல்லை எடுத்து, உரிய வளர்ச்சிக் காரணிகளோடு ஒரு கூழ்மத்துக்குள் வைத்தபோது, அது தானாகவே குழிகளும் மேடுகளும் கொண்ட குட்டிக் குடல் சவ்வாக உருவெடுத்ததைக் காட்டினார்கள். மனிதக் குடலிலும் கட்டிகளிலும் அது சாத்தியமானது அதன் பிறகுதான். உங்கள் படிவம் கேட்பது இந்த வகையை. தோல் அல்லது இரத்தச் செல்லை ஜப்பானிய அறிவியலாளர் யாமனாகாவின் முறைப்படி பின்னோக்கித் திருப்பி, கரு நிலைக்கு நிகரான ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து மூளை, சிறுநீரகம் போன்றவற்றின் ஆர்கனாய்டுகளை வளர்ப்பது வேறு வழி.

கூடத்தில் நடப்பது இதுதான். அறுவை அரங்கிலிருந்து வரும் துண்டு, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த குளிர்ந்த திரவத்தில் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வரும். குடல் என்பது பாக்டீரியா நிறைந்த இடம். ஆகவே எத்தனை முறை கழுவினாலும், மறுநாள் தட்டு முழுவதும் கலங்கிப்போய்த் தூக்கிப் போட நேர்வது எங்களுக்குப் புதிதல்ல. தப்பிய செல்களை மேட்ரிஜெல் என்னும் கூழ்மத்தில் கலப்போம். நெய் குளிரில் உறையும், இது சூட்டில் உறையும். அதனால் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் முனைகளைக்கூட முன்கூட்டியே குளிரவைத்துக்கொண்டு, பனிக்கட்டி மேலேயே வேலையை முடித்து, சொட்டுச் சொட்டாகத் தட்டில் இட்டு, 37 டிகிரி இன்குபேட்டருக்குள் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். நேராக வைத்தால் செல்கள் அடியில் படிந்து தட்டையாக ஒட்டிவிடும். சில நாள்களில் நுண்நோக்கியில் சிறு குமிழ்களும் உருண்டைகளும் தெரியும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுபவை அவை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அக்கா: அந்த உருண்டைகளில் நரம்பு இல்லை, இரத்தக்குழாய் இல்லை, வலியை உணர்வதற்கான எந்த அமைப்பும் இல்லை. அது குடலின் மேற்பூச்சுச் செல்கள் மட்டுமே. உணர்வு பற்றிய விவாதம் மூளை ஆர்கனாய்டுகளைச் சுற்றித்தான் நடக்கிறது. வியன்னாவில் 2013-இல் மூளை ஆர்கனாய்டு வளர்க்கப்பட்டதிலிருந்து அந்தக் கேள்வியை அறிவியலாளர்களே கவலையோடு எழுப்பி வருகிறார்கள். குடலுக்கு அது பொருந்தாது.

பணிநிறைவுபெற்ற_பேத்தாலஜிஸ்ட்:

மகளே, ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், வரிசை மாறக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அப்பாவுக்கு அறுவைக்குப் பின் கீமோதெரபி வேண்டுமா என்பதை முடிவு செய்வது, அகற்றிய திசுவைப் பரிசோதித்துத் தரும் பேத்தாலஜி அறிக்கைதான். கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டிய விளிம்புகளில் நோய் எஞ்சியிருக்கிறதா, நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். குறைந்தது 12 கணுக்களையாவது தேடி எடுத்துப் பார்ப்பது பெருங்குடல் புற்றுநோயில் உலகெங்கும் உள்ள நடைமுறை. ஆகவே ஆய்வுக்கான துண்டை அறுவை அரங்கிலேயே யாரோ வெட்டி எடுத்துக்கொள்ளாமல், பேத்தாலஜி மருத்துவர் முழு மாதிரியையும் பார்த்து, நோயறிதலுக்குப் பாதகமில்லாத இடத்திலிருந்து அவரே எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்பாவுக்கு நேரடிப் பயன் கிடைக்கும் என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளில் மருந்துகளை இட்டுப் பார்த்து, அதே மருந்து அவருக்கு வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்பதற்கு நல்ல சான்றுகள் வந்திருக்கின்றன. குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. ஆயினும் அது இன்னும் வழக்கமான சிகிச்சை முறையாகவில்லை. எல்லாக் கட்டிகளும் தட்டில் வளர்வதில்லை, வளர்பவற்றுக்கும் வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். தவிரவும், வழக்கமான ஆர்கனாய்டில் நோய் எதிர்ப்புச் செல்களும் இரத்தக்குழாய்களும் இல்லாததால், நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகளையோ, கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாய்களைத் தடுக்கும் மருந்துகளையோ அதில் நேரடியாகச் சோதிக்க இயலாது.

அதற்காக இதைச் சிறிய காரியமாக நான் கருதவில்லை. நுரையீரலையும் செரிமான உறுப்புகளையும் தாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் மலக்குடலிலிருந்து துளித் திசு எடுத்து ஆர்கனாய்டு வளர்த்து, மருந்து இட்டதும் அது வீங்குகிறதா என்று பார்த்தே யாருக்கு அந்த மருந்து பலிக்கும் என்று நெதர்லாந்தில் கண்டறிந்தார்கள். மிக அரிதான மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வேறு வழியே இருந்திருக்காது. இந்தியாவிலும் 2023-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் திருத்தப்பட்டு, விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனிதச் செல்களை அடிப்படையாகக் கொண்ட முறைகளுக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. அந்த முறைகள் நம் மக்களுக்கும் பொருந்த வேண்டுமானால், நம் மக்களின் திசுக்களும் அவற்றில் இருக்க வேண்டும்.

நெறிமுறைக்குழு_உறுப்பினர்:

மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு ஒன்றில் நான் மருத்துவர் அல்லாத உறுப்பினராக இருக்கிறேன். படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் உள்ளது. தமிழ்ப் படிவம் வரும்வரை அப்பா கையெழுத்திட வேண்டாம். அதனால் அவருடைய அறுவைசிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது, தள்ளிப்போகும் என்று யாராவது சொன்னால் உடனே குழுவிடம் முறையிடலாம்.

படிவத்தில் நான் முதலில் தேடுவது, இந்த ஓர் ஆய்வுக்கு மட்டுமா, இனி வரும் எல்லா ஆய்வுகளுக்குமா என்பதைத்தான். ஆர்கனாய்டை உறைநிலையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து மீண்டும் வளர்க்கலாம், பிற கூடங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அனுப்பலாம் என்பதால் இந்த வேறுபாடு பெரிது. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று தனித்தனியாகக் குறியிடும் வசதி உள்ள படிவமே நல்லது. மரபணு வரிசை படிக்கப்படுமா என்பதையும் பாருங்கள். அப்பாவின் மரபணுவில் பரம்பரைப் புற்றுநோய்க் கூறு தென்பட்டால் அது உங்களையும் உங்கள் உடன்பிறந்தாரையும் தொடும். அந்தத் தகவலைக் குடும்பத்துக்குத் தெரிவிப்பார்களா என்பதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் விலக நினைத்தால் மிச்சமுள்ள செல்களை அழிப்பார்களா என்பதும் அப்படியே. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டிச் செல்கள் 1951-இல் அவருக்குத் தெரியாமலேயே எடுக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்பட்ட கதையை இன்று எல்லா நெறிமுறைக் குழுக்களும் அறியும். ஆகவே இவற்றைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மாம்பலம்_மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலி இல்லை என்றதும் முகம் தெளிந்தது. அப்பா சம்மதிக்கும் எண்ணத்தில்தான் இருக்கிறார். தமிழ்ப் படிவத்தை யாரிடம் கேட்பது? வார்டு நர்சுக்குத் தெரியவில்லை.

நெறிமுறைக்குழு_உறுப்பினர்:

படிவத்தோடு தகவல் தாள் ஒன்று இணைத்திருப்பார்கள், அம்மா. அதன் கடைசிப் பக்கத்தில் முதன்மை ஆய்வாளரின் பெயரும் நெறிமுறைக் குழுச் செயலரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். முதலில் ஆய்வாளரிடம் கேளுங்கள். குழு ஒப்புதல் அளித்த தமிழ் வடிவம் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். கையெழுத்திட்ட பின் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துவர மறக்க வேண்டாம்.